கீழடியின் வயது என்ன? ஒரு கரித்துண்டு பாடப்புத்தகத்துக்குள் போகும் பாதை

கீழடியின் வயதைக் கேட்டால் இன்று மூன்று பதில்கள் கிடைக்கின்றன. கி.மு. 580 என்பார் ஒருவர். கி.மு. எட்டாம் நூற்றாண்டு என்பார் இன்னொருவர். அதிகபட்சம் கி.மு. 300-க்கு முந்தைய காலம் என்று சொல்லிக்கொள்ளலாம் என்கிறது 2025 மே மாதம் மத்தியத் தொல்லியல் துறை எழுதிய கடிதம். இதற்கு நடுவில் தூத்துக்குடி மாவட்டத்துச் சிவகளை, இரும்பு, கி.மு. 3345 என்று இன்னொரு எண் வேறு செய்தியில் ஓடுகிறது. பள்ளிப் பிள்ளைக்குப் பாடம் சொல்லிக்கொடுக்க உட்காரும் அப்பா அம்மாவுக்கு எதைச் சொல்வது என்று குழப்பம் வருவது இயல்புதான். யார் தமிழனுக்கு ஆதரவு, யார் எதிர் என்று பார்த்துப் பதிலைத் தேர்ந்தெடுத்துவிடுகிறோம், ஏனென்றால் வேறு எப்படித் தேர்ந்தெடுப்பது என்று யாரும் நமக்குச் சொல்லித்தரவில்லை.

இந்த எண்கள் எங்கிருந்து வருகின்றன, வரும் வழியில் எதை உதிர்த்துவிட்டு வருகின்றன என்று அடியிலிருந்து பார்ப்போம்.

## முதலில், எந்த அகழாய்வு, எந்த அறிக்கை?

மதுரைக்குத் தென்கிழக்கே ஏறத்தாழ 12 கிலோமீட்டரில், சிவகங்கை மாவட்டத்தில் இருக்கிறது கீழடி. அங்கே தோண்டியது ஒரே குழு அல்ல. பாதிக் குழப்பம் இதை மறப்பதால் வருவது.

1. 2014-15, 2015-16 ஆகிய இரண்டு கட்டங்களையும் நடத்தியது மத்தியத் தொல்லியல் துறை. பொறுப்பில் இருந்தவர் கி. அமர்நாத் ராமகிருஷ்ணா. அதற்கு முன் வைகைக் கரை நெடுகக் கள ஆய்வு செய்து 293 தொல்லியல் இடங்களைக் குறித்துவைத்திருந்தார்கள். அவற்றில் ஒன்றுதான் கீழடி.

2. 2017-இல் அவர் அசாமுக்கு மாற்றப்பட்டார். மூன்றாம் கட்டத்தை பி.எஸ். ஸ்ரீராமன் நடத்தினார். முந்தைய கட்டங்களில் கிடைத்த கட்டுமானங்களின் தொடர்ச்சி கிடைக்கவில்லை என்று அப்போது சொல்லப்பட்டது.

3. நான்காம் கட்டத்திலிருந்து தோண்டுவது தமிழ்நாடு அரசின் தொல்லியல் துறை. அந்தக் கட்டத்தின் அறிக்கை 2019 செப்டம்பரில் வெளியானது. கி.மு. 580 என்ற எண் இதில் வருவது.

4. முதல் இரண்டு கட்டங்களுக்கான 982 பக்க அறிக்கையை அமர்நாத் 2023 ஜனவரியில் தன் துறையிடம் கொடுத்தார். எட்டாம் நூற்றாண்டு என்ற காலக்கணக்கு இதில் உள்ளது. 2025 மே மாதம் திருத்தம் கேட்டுத் திரும்பி வந்ததும் இதுதான்.

ஆக, 580-ம் எட்டாம் நூற்றாண்டும் இரண்டு வெவ்வேறு அறிக்கைகள். இரண்டையும் ஒரே மேடையில் நிறுத்திச் சண்டை மூட்டும் செய்திகளை இனி பார்த்தால் இந்த வேறுபாட்டை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

## கரியிலிருந்து தேதி எப்படி வருகிறது

2019 அறிக்கைக்காக ஆறு கரி மாதிரிகள் அமெரிக்காவின் ஃப்ளோரிடாவில் உள்ள பீட்டா அனலிட்டிக் ஆய்வகத்துக்கு அனுப்பப்பட்டன. அதில் 353 சென்டிமீட்டர் ஆழத்தில் எடுத்த ஒன்றுக்குத்தான் கி.மு. 580. அந்த ஆய்வகம் என்ன செய்கிறது?

1. மரம், செடி, மனிதர், மாடு என்று உயிருள்ள எல்லாமே சூழலிலிருந்து கார்பனை எடுத்துக்கொண்டே இருக்கும். அதில் மிகச் சிறு பங்கு கார்பன் 14 என்ற கதிரியக்க வகை.

2. உயிர் போனதும் வரவு நின்றுவிடும், செலவு மட்டும் தொடரும். ஏறத்தாழ 5730 ஆண்டுகளில் இருந்தது பாதியாகும். மிச்சம் எவ்வளவு என்று அளந்தால் வரவு நின்று எத்தனை காலம் ஆனது என்று கணக்குப் போடலாம். 1940-களின் இறுதியில் வில்லார்ட் லிபி கண்டுபிடித்த முறை, 1960-இல் நோபல் பரிசும் வாங்கிக் கொடுத்தது. இப்போது கார்பன் 14 அணுக்களை நேரடியாக எண்ணும் ஏஎம்எஸ் கருவி வந்த பிறகு ஒரு நெல்மணி இருந்தாலே போதும்.

3. ஆனால் இப்படி வருவது நாள்காட்டி ஆண்டு அல்ல, கார்பன் ஆண்டு. 1950-ஐத் தொடக்கப் புள்ளியாக வைத்துப் பின்னோக்கி எண்ணுவார்கள். காற்றில் இருந்த கார்பன் 14-இன் அளவு எல்லாக் காலத்திலும் ஒன்றாக இல்லாததால், வயது தெரிந்த மர வளையங்களை ஒவ்வொன்றாக அளந்து ஒரு வளைகோடு வரைந்து வைத்திருக்கிறார்கள். கார்பன் ஆண்டை அந்தக் கோட்டில் பொருத்தினால்தான் கி.மு., கி.பி. கிடைக்கும்.

4. கிடைப்பது ஒற்றை எண்ணாக இருக்காது. "95 விழுக்காடு வாய்ப்பில் இந்த ஆண்டுக்கும் அந்த ஆண்டுக்கும் நடுவில்" என்ற ஒரு நெடுக்கம்தான் வரும். தலைப்புச் செய்திக்கு ஒற்றை எண் வேண்டும் என்பதால் அதிலிருந்து ஒன்றை எடுத்துக்கொள்கிறோம்.

நாலாவது புள்ளி எந்தப் பாடநூலிலும் தேதிக்குப் பக்கத்தில் அச்சாவதில்லை. அதோடு, கீழடியைப் பொறுத்தவரை இது சின்ன விஷயமும் அல்ல. ஏன் என்று பார்ப்போம்.

## எல்லாரும் மாட்டிக்கொள்ளும் நானூறு ஆண்டு

நான் சொன்ன அந்த வளைகோடு பெரும்பாலும் சரிந்துகொண்டே போகும். ஆனால் கி.மு. 800 முதல் 400 வரை கிட்டத்தட்டத் தட்டையாகப் படுத்துவிடுகிறது. ஆஸ்திரியாவில் உள்ள ஹால்ஸ்டாட் என்ற ஊரின் பெயரால் இதை ஹால்ஸ்டாட் சமவெளி என்கிறார்கள். அந்த ஊர்ப் பண்பாட்டின் காலம் இந்தத் தட்டையான பகுதியில் வருவதால் அந்தப் பெயர். ஐரோப்பியத் தொல்லியலாளர்கள் பல பத்தாண்டுகளாக இதோடு மல்லுக்கட்டிக்கொண்டிருக்கிறார்கள்.

என்ன சிக்கல்? இரண்டு குடங்களை நினைத்துக்கொள்ளுங்கள், இரண்டிலும் ஒரே அளவு ஓட்டை. முதல் குடத்தைக் காலையிலேயே விளிம்புவரை நிரப்பி வைத்தீர்கள். இரண்டாவதை மத்தியானம் வைத்தீர்கள், ஆனால் முக்கால் குடம்தான் நிரப்பினீர்கள். சாயங்காலம் வந்து பார்க்கிறவருக்கு இரண்டிலும் தண்ணீர் ஒரே மட்டத்தில் நிற்கிறது. எதை எப்போது வைத்தீர்கள் என்று மட்டத்தை மட்டும் பார்த்து அவரால் சொல்ல முடியாது. கி.மு. 750-இல் வெட்டிய மரம் அதிகக் கார்பன் 14-உடன் தொடங்கி அதிக காலம் இழந்தது, கி.மு. 450-இல் வெட்டியது குறைவாகத் தொடங்கிக் குறைவாக இழந்தது; இன்று அளந்தால் இரண்டும் ஏறத்தாழ ஒன்றுபோலவே இருக்கும்.

ஒரு மாதிரிக்கு 2450 கார்பன் ஆண்டு என்று வந்தால், அது ஏறத்தாழ கி.மு. 750 முதல் 410 வரை எங்கு வேண்டுமானாலும் விழலாம். கருவியையோ ஆய்வகத்தையோ இதில் குறை சொல்ல முடியாது, இயற்கை அந்த நூற்றாண்டுகளில் அப்படி நடந்துகொண்டது.

இப்போது கீழடியின் எண்களை மறுபடி பாருங்கள். 580, எட்டாம் நூற்றாண்டு இரண்டுமே இந்தச் சமவெளிக்குள்ளேயே வருகின்றன. ஆறாம் நூற்றாண்டா எட்டாம் நூற்றாண்டா என்று ஒற்றைக் கரித்துண்டை வைத்துக் கொடி பிடிப்பதில் பொருள் இல்லை. அதே சமயம் இது மறுபக்கமும் வெட்டும் கத்தி. சமவெளிக்குள் விழுந்த ஒரு மாதிரியை "கி.மு. 300-ஐ ஒட்டியது" என்று கீழே இழுத்து வைக்கவும் முடியாது, ஏனென்றால் கி.மு. 400-க்குக் கீழே வளைகோடு மறுபடி சரியத் தொடங்கிவிடுகிறது, அந்தக் கரிகளுக்கு வேறு அளவு வரும்.

வழி இல்லாமல் இல்லை. ஒரே குழியில் மேலிருந்து கீழாகப் பல மாதிரிகளை வரிசையாக எடுத்து, "இது அதற்கு மேலே, ஆகவே இளையது" என்ற தகவலையும் கணக்கில் சேர்த்தால் நெடுக்கம் சுருங்கும். மண் கடைசியாக வெயில் பார்த்தது எப்போது என்று அளக்கும் ஓஎஸ்எல் முறை இருக்கிறது, அதற்கு இந்தச் சமவெளித் தொல்லை கிடையாது. பானைகளின் வகை, காசு, எழுத்தின் வடிவம் எல்லாம் துணைக்கு வரும். மாதிரிகளின் எண்ணிக்கையைவிட அவை எந்த வரிசையில் எடுக்கப்பட்டன என்பது இங்கே முக்கியம்.

## கரிக்கு வயது தெரிந்தால் ஓட்டுக்குத் தெரிந்துவிடுமா?

பொதுவெளியில் கிட்டத்தட்ட யாருமே பேசாத இடம் இது. ஆய்வகம் தேதி கொடுப்பது கரிக்கு. நமக்கு வேண்டியது கரியின் வயது அல்ல; பெயர் கீறிய பானை ஓட்டின் வயது, செங்கல் சுவரின் வயது. நான்காம் கட்டத்தில் மட்டும் தமிழ் பிராமி எழுத்துள்ள 56 ஓடுகள் கிடைத்தன. (மாநில அரசின் வெளியீடுகள் அந்த எழுத்தைத் தமிழி என்று எழுதுகின்றன. எந்தப் பெயரைப் பயன்படுத்துகிறோம் என்பதிலேயே ஒரு நிலைப்பாடு வந்துவிடுகிறது.) சுட்ட களிமண்ணில் கார்பன் முறை நேரடியாக வேலை செய்யாது. அதனால் ஓட்டோடு சேர்ந்து கிடைத்த கரியின் தேதியை ஓட்டுக்குக் கொடுக்கிறோம். "சேர்ந்து கிடைத்த" என்ற இரண்டு சொல்லில்தான் முழு வாதமும் இருக்கிறது.

பேருந்து நிலையத்துச் சுவரை நினைத்துப் பாருங்கள். சுவரொட்டி மேல் சுவரொட்டியாக ஒட்டியிருப்பார்கள். அடியில் இருப்பது பழையது, மேலே இருப்பது புதியது. மண்ணடுக்கும் அதேதான். ஆனால் ஒருவர் நடுவில் ஆழமாகக் கிழித்துவிட்டு அந்தக் குழிக்குள் நேற்றைய நோட்டீஸை ஒட்டிவிட்டுப் போயிருந்தால்? ஆழத்தை மட்டும் ஸ்கேல் வைத்து அளந்தால் நேற்றைய நோட்டீஸ் பத்து வருடப் பழையதாகத் தெரியும்.

கீழடியில் இது கற்பனை அல்ல. அங்கே உறைகிணறுகள் இருக்கின்றன. பிற்காலத்து மக்கள் மேலடுக்கில் நின்று கிணறு தோண்டும்போது அது கீழடுக்குகளை வெட்டிக்கொண்டு இறங்கும். பிறகு அதற்குள் விழுந்த சட்டி பானை எல்லாம் ஆழத்தில் கிடைக்கும், வயது மட்டும் குறைவு. எலி வளை, மர வேர், குப்பைக் குழி இவையும் இதே வேலையைச் செய்யும். ஆகவேதான் தொல்லியலில் ஆழம் வேறு, அடுக்கு வேறு.

இப்போது அந்த 2025 கடிதத்துக்கு வருவோம். அதில் கேட்டவற்றுள் ஒன்று, தேதிகளுக்கு ஆழம் மட்டும் சொன்னால் போதாது, அடுக்கு எண்ணும் வேண்டும் என்பது. இதைக் கேட்டதுமே சதி என்று கொதித்தவர்கள் உண்டு. கேள்வி தன்னளவில் நியாயமானது, எந்த ஊர் அகழாய்வுக்கும் கேட்க வேண்டியது. அடுக்கு வரிசை, பொருள்கள், ஏஎம்எஸ் தேதிகள் இவற்றின் அடிப்படையில்தான் காலத்தை வகுத்திருக்கிறேன் என்று அமர்நாத் பதில் எழுதி, முடிவுகளை மாற்ற மறுத்துவிட்டார். இதுவும் ஓர் ஆய்வாளர் தரக்கூடிய முறையான பதில்தான். அடுத்த மாதமே அவர் நொய்டாவுக்கு மாற்றப்பட்டார்.

என் பார்வையில் தவறு கேள்வியில் இல்லை, நடந்த விதத்தில் இருக்கிறது. 2023 ஜனவரியில் கையில் வந்த அறிக்கைக்கு 2025 மே மாதம் கேள்வி கேட்கிறார்கள். 982 பக்கமும் வெளியே வந்திருந்தால் அடுக்கு எண் இருக்கிறதா இல்லையா என்று ஆயிரம் பேர் திறந்து பார்த்திருப்பார்கள். அறிக்கையை உள்ளே வைத்துக்கொண்டு அதைப் பற்றிய கடிதம் மட்டும் செய்தியானால், மக்கள் வேறு எதை வைத்து முடிவெடுப்பார்கள்? ஆளைப் பார்த்துத்தான்.

சேர்ந்து கிடைப்பதிலும் தரம் இருக்கிறது. பழனிக்கு அருகே பொருந்தலில் பேராசிரியர் கா. ராஜன் தோண்டிய ஈமக் குழியில், எழுத்துள்ள பானைத் தாங்கியும் நெல் நிறைந்த சாடியும் ஒரே கல்லறைக்குள் இருந்தன. நெல்லுக்குக் கி.மு. 490 என்று தேதி வந்தது. மூடிய கல்லறை என்பதால் நெல்லையும் எழுத்தையும் ஒரே நாளில் வைத்தார்கள் என்று நம்ப இடமிருக்கிறது. நெல் ஒரு பருவத்தில் விளைந்து முடிவது. முந்நூறு வருட மரத்தின் நடுத்தண்டுக் கரியாக இருந்தால் எரித்த தேதிக்கும் ஆய்வகம் சொல்லும் தேதிக்கும் பல தலைமுறை இடைவெளி வந்துவிடும். ஆகவே பொருந்தல் நெல் நல்ல சாட்சி. ஆனால் 490-ம் சமவெளிக்குள்தான் விழுகிறது, அதை மறக்க வேண்டாம்.

## ஒரு வாக்கியம் தேய்ந்து போகும் விதம்

சரி, அகழாய்வுக் குழியிலிருந்து வகுப்பறைக்கு இந்தச் செய்தி எப்படி வருகிறது? கீழே உள்ளவை மேற்கோள்கள் அல்ல, ஒவ்வொரு படியிலும் வாக்கியம் என்ன உருவம் எடுக்கிறது என்று காட்ட நான் எழுதியவை.

1. ஆய்வகம்: இந்தக் கரியை விட்டு உயிர் போனது 95 விழுக்காடு வாய்ப்பில் இன்ன ஆண்டுக்கும் இன்ன ஆண்டுக்கும் நடுவில்.

2. அறிக்கை: இந்த அடுக்கு கி.மு. ஆறாம் நூற்றாண்டைச் சேர்ந்ததாக இருக்கலாம்.

3. அரசு அறிவிப்பு: கீழடி 2600 ஆண்டு பழமையானது.

4. பாடநூல்: 2600 ஆண்டுகளுக்கு முன் வைகைக் கரையில் எழுத்தறிவு பெற்ற நகரச் சமூகம் வாழ்ந்தது.

5. வினாத்தாள்: கீழடி எந்த மாவட்டத்தில் உள்ளது?

6. வாட்ஸ்அப்: உலகின் முதல் நாகரிகம் தமிழனுடையது, மறைக்கிறார்கள், பகிருங்கள்.

இரண்டிலிருந்து மூன்றுக்குப் போகும்போது ஒரு அடுக்கின் தேதி ஊரின் தேதியாகிவிட்டது. மூன்றிலிருந்து நான்குக்குப் போகும்போது அடியில் கிடைத்த கரியின் வயது, மேலே எந்த அடுக்கில் நிற்கிறது என்று தனியாகப் பார்க்க வேண்டிய செங்கல் சுவருக்கும் ஓட்டு எழுத்துக்கும் சேர்த்து வழங்கப்பட்டுவிட்டது. ஐந்தாம் படியில் காலமே காணாமல் போய் மாவட்டம் மட்டும் மிஞ்சியது. கேட்டால் போட்டித் தேர்வுக்கு அதுதான் வரும் என்பார்கள், அதுவும் உண்மைதான்.

தமிழில் இந்தத் தேய்மானத்தைத் தடுக்கக் கருவி இல்லை என்று சொல்ல முடியாது. "இருந்தது", "இருந்ததாம்", "இருந்திருக்கலாம்", "இருந்ததாகத் தெரிகிறது" என்று ஒரு செய்தி எப்படிக் கிடைத்தது, எவ்வளவு உறுதி என்பதை வினைமுற்றிலேயே சொல்லிவிட முடிகிற மொழி இது. திண்ணையில் பேசுகிற கிழவி இதைச் சரியாகக் கையாளுவார். பாடநூல் ஆசிரியருக்கு மட்டும் "இருந்தது" தவிர வேறு எதுவும் கை வருவதில்லை, அப்படியே வந்தாலும் "கருதப்படுகிறது" என்று எழுதி யார் கருதுகிறார் என்பதை மறைத்துவிடுகிறார்.

## இதே வேலை வடக்கிலும்

இது தமிழ்நாட்டு நோய் மட்டும் என்று நினைக்க வேண்டாம். மத்திய அரசின் பாடநூல்களை எழுதும் என்சிஇஆர்டி 2024-இல் பன்னிரண்டாம் வகுப்பு வரலாற்று நூலின் ஹரப்பா பாடத்தில், ஹரியானாவில் உள்ள ஹரப்பா கால ஊரான ராகிகடியின் மரபணு ஆய்வைப் புதிதாகச் சேர்த்தது. ஹரப்பா மக்களின் மரபுத் தொடர்ச்சி இன்றுவரை அறுபடாமல் வருகிறது, ஆகவே ஆரியர் பெருமளவில் வந்து குடியேறினார்கள் என்பதற்கு இடமில்லை என்று போகிறது அந்தப் பகுதி.

அந்த ஆய்வு 2019-இல் செல் என்ற அறிவியல் இதழில் வந்தது. பல எலும்புகளில் முயன்றும் பயன்படும் மரபணு கிடைத்தது ஒரே ஒரு பெண்ணிடமிருந்து. ஆரியர் வருகையோடு சேர்த்துப் பேசப்படும் ஸ்டெப்பி புல்வெளி மக்களின் மரபுக் கூறு அவருக்கு இல்லை என்பது கண்டுபிடிப்பு. அதே மாதம் சயின்ஸ் இதழில் வந்த பெரிய ஆய்வு, சில ஆய்வாளர்கள் இரண்டிலும் பெயர் போட்டவர்கள், ஸ்டெப்பி மரபு தெற்காசியாவுக்குள் வந்தது ஏறத்தாழ கி.மு. 2000-க்கும் 1500-க்கும் நடுவில் என்றது. ராகிகடிப் பெண் வாழ்ந்தது அதற்கு முன்னால். கல்யாணத்துக்கு முந்தைய நாள் எடுத்த போட்டோவில் மாப்பிள்ளை வீட்டார் இல்லை, ஆகவே அவர்கள் வரவே இல்லை என்று சொன்னால் எப்படி? ஒருவரின் எலும்பு, அவர் இறந்த பிறகு நடந்ததற்குச் சாட்சி சொல்லாது.

டெல்லி எழுதும் புத்தகத்தில் ஒரு எலும்பும் சென்னை எழுதும் புத்தகத்தில் ஒரு கரித்துண்டும் தாங்க முடியாத சுமையைத் தாங்குகின்றன. மதுரையில் ஒரே தெருவில் சிபிஎஸ்இ படிக்கும் பிள்ளையும் மாநிலப் பாடத்திட்டம் படிக்கும் பிள்ளையும் இருப்பார்கள். இரண்டு பேருக்கும் இரண்டு கடந்த காலம் கிடைக்கும், எதையும் சோதித்துப் பார்க்கும் முறை மட்டும் இருவருக்குமே கிடைக்காது.

## எண் மாறினால் எது மாறும், எது மாறாது

தேதிக்காக ஏன் இவ்வளவு அடித்துக்கொள்கிறார்கள் என்றும் கேட்கலாம். காரணம் இருக்கிறது.

1. எழுத்து. அசோகரின் கல்வெட்டுகள் கி.மு. மூன்றாம் நூற்றாண்டு. அங்கிருந்து பிராமி தெற்கே வந்தது என்பது நீண்ட காலமாகச் சொல்லப்பட்டது. தமிழ் எழுத்துள்ள ஓடுகள் உறுதியாக அதற்கு முந்தியவை என்றால் அந்த வரிசையைத் திருப்பி யோசிக்க வேண்டும். ஓட்டுக்கும் கரிக்கும் உள்ள உறவு ஏன் இவ்வளவு முக்கியம் என்பது இப்போது புரியும்.

2. நகரம். கங்கைச் சமவெளியின் நகர வளர்ச்சி கி.மு. ஆறாம் நூற்றாண்டு என்பார்கள். வைகையிலும் அதே காலம் என்றால், வடக்கிலிருந்து பரவியது என்ற பழைய விளக்கம் ஆட்டம் காணும்.

3. சங்க இலக்கியம். இங்கே ஒரு கால் வழுக்கல் இருக்கிறது. கீழடி ஆறாம் நூற்றாண்டு என்றால் சங்கப் பாடல்களும் ஆறாம் நூற்றாண்டு என்று தானாக ஆகிவிடாது. ஓட்டில் "ஆதன்" என்று பெயர் இருக்கிறது, ஆதன் என்ற பெயர் சங்கப் பாடல்களிலும் வருகிறது. பெயர் புழக்கம் தொடர்ந்தது என்பதற்கு அழகான சான்று. ஆனால் ஊருக்கு வயது சொல்லும் கரி, பாட்டுக்கு வயது சொல்லாது. பாட்டின் காலத்தை மொழி, யாப்பு, கல்வெட்டில் வரும் மன்னர் பெயர், அயல்நாட்டார் குறிப்பு என்று வேறு வழியில் தேட வேண்டும்.

மாறாதவை நிறைய. மக்கள் ஆடு, மாடு, எருமை வளர்த்தார்கள், பகடை உருட்டினார்கள், வட்டச் சில்லு வைத்து விளையாடினார்கள், பானையில் பேர் எழுதி வைத்தார்கள். இது எதுவும் இரண்டு நூற்றாண்டு முன்பின் போவதால் குறைந்துவிடாது. சாதாரண வீட்டுப் பானையில் எழுத்து இருக்கிறது என்பதுதான் எனக்கு 580-ஐவிடப் பெரிய செய்தி. அரசன் கல்லில் வெட்டுவது ஒன்று, சோறு வடிக்கிற சட்டிக்குச் சொந்தக்காரர் பெயர் கீறுவது இன்னொன்று.

## இரும்பு விஷயம்

2025 ஜனவரி 23 அன்று தமிழ்நாடு அரசு இரும்பின் தொன்மை குறித்து ராஜனும் ஆர். சிவானந்தமும் எழுதிய அறிக்கையை வெளியிட்டது. சிவகளைத் தேதிகள் கி.மு. 3345 வரை போகின்றன. 2022-இல் கிருஷ்ணகிரி மாவட்டத்து மயிலாடும்பாறைக்குக் கி.மு. 2172 என்று அறிவித்தபோதே ஆச்சரியமாக இருந்தது, இது அதையும் ஆயிரம் ஆண்டுக்கு மேல் தாண்டுகிறது.

மேலே சொன்னதையெல்லாம் இங்கே போட்டுப் பார்க்கலாம். இந்தத் தேதிகள் ஹால்ஸ்டாட் சமவெளிக்கு வெளியே இருக்கின்றன, அந்தத் தொல்லை இல்லை. மாதிரிகள் ஒரே ஆய்வகத்துக்குப் போகவில்லை. ஃப்ளோரிடா, லக்னோ, அகமதாபாத் என மூன்று இடங்களில் சோதித்தார்கள், கார்பன் முறையோடு ஓஎஸ்எல் முறையையும் சேர்த்தார்கள். நல்ல வேலை. ஆனால் இங்கும் தேதி கிடைத்தது கரிக்கும் பானை ஓட்டுக்கும், இரும்புக்கு அல்ல. இரும்பும் அவையும் ஒரே சமயத்தில் ஈமத் தாழிக்குள் போனவை என்பதைத் தாழிக்குத் தாழி காட்ட வேண்டும். 2021-இல் சட்டமன்றத்தில் அறிவிக்கப்பட்ட கி.மு. 1155 என்ற தேதியும் இதே சிவகளையில் ஒரு தாழியில் கிடைத்த நெல்லுக்குத்தான் வந்தது. ஒரே இடுகாட்டில் இரண்டாயிரம் ஆண்டு இடைவெளி இருக்கலாம், தலைமுறை தலைமுறையாகப் புதைத்த இடம் என்றால் இருக்கும். அப்படியென்றால் எந்தத் தாழி எந்தக் காலம் என்று ஒவ்வொன்றாகப் பிரித்துச் சொல்வதே வேலை. அதோடு இரும்பை உருக்கிய உலைகள் அதே காலத்தில் கிடைத்தால் வாதம் பல மடங்கு பலப்படும். "இரும்புக் காலம் தமிழ் மண்ணில் தொடங்கியது" என்ற வாக்கியம் பாடநூலுக்குப் போவதற்கு முன் இன்னும் சில இடங்களில் தோண்டி, இன்னும் சிலர் கேள்வி கேட்டு முடிக்கட்டும்.

## அருங்காட்சியகத்தில் ஒரு முகம்

பாடநூலைவிட அதிகம் பேரைத் தொடுவது அருங்காட்சியகம். கீழடி அருங்காட்சியகம் 2023 மார்ச்சில் திறந்தது, செட்டிநாட்டு வீட்டுப் பாணியில் கட்டியிருக்கிறார்கள், பள்ளிப் பேருந்துகள் வருகின்றன. அப்புறம் 2025-இல் ஒரு படம் பரவியது. கீழடிக்குப் பக்கத்துக் கொந்தகையில் தாழிகளில் கிடைத்த இரண்டு ஆண் மண்டையோடுகளை வைத்து, இங்கிலாந்தின் லிவர்பூல் ஜான் மூர்ஸ் பல்கலைக்கழகம் முகங்களை மீட்டுருவாக்கியது.

அந்த முகத்தைப் பார்த்ததும் "நம்ம ஊர் ஆள்" என்று தோன்றாதவர் குறைவு. படத்தின் பலமே அதுதான். கன்ன எலும்பு, தாடை, கண்குழி இவை மண்டையோட்டிலிருந்து வருபவை. தசையின் கனம் சராசரிக் கணக்கிலிருந்து வருவது. மீசையின் தடிப்பும் முடி வாரிய விதமும் கண்ணில் உள்ள அந்தப் பார்வையும் வரைபவரின் தேர்வு. மூன்றும் மூன்று வகை உறுதி. படத்துக்குப் பக்கத்திலேயே இந்த மூன்றையும் மூன்று நிறத்தில் காட்டும் ஒரு சின்னப் பலகை போதும், பத்து வயதுப் பிள்ளைக்கும் புரியும்.

## வகுப்பில் என்ன செய்யலாம்

பாடம் அதிகமாக வேண்டாம், பக்கங்களும் அதிகமாக வேண்டாம். இருக்கும் ஒரு பக்கத்தையே வேறு மாதிரி எழுதலாம். "கீழடியில் 353 செ.மீ. ஆழத்தில் கிடைத்த கரித்துண்டைச் சோதித்ததில் அது கி.மு. ஆறாம் நூற்றாண்டை ஒட்டியதாக இருக்கலாம் என்று மாநிலத் தொல்லியல் துறை கூறுகிறது. மத்தியத் துறைக்காகத் தோண்டியவர் இன்னும் பழைய காலம் என்கிறார். அந்தத் துறை அதற்குக் கூடுதல் சான்று கேட்கிறது." மூன்றே வாக்கியம். இதில் பெருமை குறையவில்லை, பிள்ளைகள் பெரியவர்களானபின் எண் மாறினாலும் ஏமாற்றப்பட்டதாக நினைக்க மாட்டார்கள்.

ஆனால் வினாத்தாள் மாறாமல் பாடநூலை மட்டும் மாற்றிப் பயன் இல்லை. எது தேர்வில் வருமோ அதுதான் நடத்தப்படும், ஆசிரியரைக் குற்றம் சொல்ல ஒன்றும் இல்லை. கீழடி எந்த மாவட்டம் என்ற ஒரு மதிப்பெண் கேள்வி இருந்துவிட்டுப் போகட்டும். அதற்குக் கீழே ஐந்து மதிப்பெண்ணுக்கு இப்படி ஒன்று வரட்டும்: ஒரு குழியில் 350 செ.மீ. ஆழத்தில் கரியும் 300 செ.மீ. ஆழத்தில் பெயர் கீறிய ஓடும் கிடைக்கின்றன. இரண்டடி தள்ளி ஓர் உறைகிணறு இருக்கிறது. கரியின் காலம் கி.மு. 750-க்கும் 410-க்கும் இடைப்பட்டது. ஓட்டின் காலத்தைச் சொல்ல உனக்கு இன்னும் என்னென்ன தெரிய வேண்டும்?